தகரப் பெட்டியும் கைத்தொலைபேசியும்

தோட்டத்து லயன் காம்பிரா எதுவாயினும் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பிரஜாவுரிமைக் கடிதம், ஊழியர் சேமலாப நிதிக் கடதாசி, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு அதற்குள் கிடக்கும். இவற்றின் அருமையை நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 இல் பிரஜாவுரிமை பறிபோன பின்னர், 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே. இத்தனை ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தோம் என்று காட்டக் கடதாசி இல்லாமையே பலருக்குத் தடையாக நின்றது. 1977, 1981, 1983 வன்செயல்களில் உடுத்த துணியோடு வன்னிப் பக்கம் போனவர்களில் எத்தனையோ பேர் அங்கும் கடதாசிக்காகவே அலைந்தார்கள்.

இன்று சப்ரகமுவவில் நம்மைப் பெரும்பாலும் இடம்பெயர்ப்பது மண்ணும் தண்ணீரும்தான். 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிறிபுர, எலங்கபிட்டிய, பள்ளேபாகே ஆகிய ஊர்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயனும் புதையுண்டது. அடுத்த ஆண்டு மே இறுதியில் களு கங்கை இரத்தினபுரியை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடெங்கும் மண் சரிந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா? பிள்ளையைத்தான் தூக்குவோம். பிறகு நலன்புரி நிலையத்தில் பதிவு, நட்டஈடு, மாற்றுக் காணி, பிள்ளைக்குப் புதிய பாடசாலை என்று ஒவ்வொரு மேசையிலும் முதலில் கேட்பது பெட்டியில் இருந்ததைத்தான்.

ஆனால் பிள்ளையோடு இன்னொரு பொருளையும் நாம் மறக்காமல் எடுத்து ஓடுகிறோம். அது கைத்தொலைபேசி. பெட்டியில் உள்ளதை அதற்குள்ளும், அதில் உள்ளதை நம் மலைக்கு வெகு தொலைவிலும் வைத்துவிட வழி இருக்கிறது.

அன்ட்ரொயிட் தொலைபேசி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கூகுள் கணக்குத் திறந்தே அதைப் பாவிக்கிறார்கள். அந்தக் கணக்கோடு 15 ஜிகாபைட் இடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கடதாசியின் படம் 3 மெகாபைட் என்று வைத்தாலும் ஏறத்தாழ 5,000 படங்கள் அதில் அடங்கும். கூகுள் ட்ரைவ் என்ற செயலியைத் திறந்து கூட்டல் குறியை அழுத்தினால் ‘ஸ்கேன்’ என்று வரும். கடதாசியை வெளிச்சமான இடத்தில் தரையில் விரித்துப் பிடித்தால், அதுவே ஓரங்களை வெட்டித் தெளிவாக எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் எடுங்கள். பின்பக்கத்து முத்திரையும் கையொப்பமும் பல வேளைகளில் தேவைப்படும். பெயரையும் கடதாசியின் வகையையும் கோப்பின் பெயராக எழுதிவிடுங்கள். இணையம் கிடைத்தவுடன் அந்தப் படம் கூகுளின் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாளை வேறொரு தொலைபேசியில் அதே கணக்கைத் திறந்தால் அங்கேயும் அது இருக்கும். ‘சிங்க்’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். மழை நாளில் செய்யலாம் என்று வைக்காதீர்கள். டித்வா வந்தபோது மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் பல இடங்களில் செயலிழந்தன.

சிக்னல் இல்லாத தோட்டப் பிரிவுகளில் இருப்போர், ‘ஓஃப்லைன்’ வசதியை அந்தக் கோப்புகளுக்குப் போட்டுவைத்தால் இணையம் இன்றியும் திறக்கலாம். வட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன், அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், சிறிய எழுத்துகள் மங்கும். ‘டொக்கியுமென்ட்’ என்று அனுப்பினால் தெளிவு குறையாது. இருந்தாலும் அது இரண்டாவது காவலாக இருக்கட்டும்.

தொலைபேசி எண்களும் அப்படித்தான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை, மத்திய கிழக்கில் இருக்கும் மனைவி, எல்லாருடைய எண்ணும் சிம்மில் இருக்கும். சிம் தொலைந்தால் நிறுவனம் அதே எண்ணுக்குப் புதிய சிம் தரும். அதில் பதிந்திருந்த பெயர்களைத் தராது. எண்களைக் கூகுள் கணக்கில் பதிந்தால் அவை புதிய தொலைபேசிக்கும் தாமாகவே வந்து சேரும். கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியும் இப்படியே வேலை செய்கிறது. அன்றன்று நிறுத்த கொழுந்தின் கிலோவை அதில் எழுதி, கணவனும் மனைவியும் ஒரே குறிப்பைத் தத்தம் தொலைபேசியில் பார்க்கலாம். மாத முடிவில் சம்பளத் துண்டோடு ஒப்பிட அது உதவும். இறப்பர் பாலுக்கும் அப்படியே.

இனிச் சொல்லப்போவதை வீட்டில் எல்லோரும் கேட்கட்டும். தொலைபேசியை விற்ற கடைப் பையனே கணக்கைத் திறந்து கொடுத்த வீடுகள் நம்மிடையே ஏராளம். கடவுச்சொல் அவனுக்கும் நினைவில்லை, நமக்கும் தெரியாது. தொலைபேசி மண்ணுக்குள் போனால் என்ன நடக்கும்? புதிய தொலைபேசியில் கணக்கைத் திறக்கக் கூகுள் ஓர் இரகசிய இலக்கத்தைப் பழைய எண்ணுக்கு அனுப்பும். பழைய எண்ணைப் பெறப் புதிய சிம் வேண்டும். சிம்முக்கு அடையாள அட்டை வேண்டும். அட்டையின் படமோ அந்தக் கணக்கிற்குள் இருக்கிறது! செக்கு மாட்டைப் போல் சுற்ற வேண்டியதுதான். ஆகவே கடவுச்சொல்லை இன்றே மாற்றி ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணக்கை மீட்பதற்கான எண்ணாக வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரின் எண்ணைக் கொடுங்கள். இரண்டு படிப் பாதுகாப்பைப் போட்டால் கூகுள் பத்து இரகசிய இலக்கங்களைத் தரும். சிம் இல்லாமலேயே உள்ளே போக அவை உதவும். அவற்றைக் கடதாசியில் எழுதி, அதே லயனில் அல்ல, வேறு தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்துவையுங்கள். எல்லாவற்றையும் கணினிக்குள் போட்ட பிறகும் கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் வந்து நிற்பது வேடிக்கைதான். ஆனால் அந்தத் துண்டை இன்னொரு முறை எழுதிக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. ஒத்திசைவு என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பது. எனவே ஒரு தொலைபேசியில் அழித்தால் மற்ற இடங்களிலும் அழியும். இடம் போதவில்லை என்று பிள்ளைகள் படங்களை அழிக்கும்போது கவனம் தேவை. ட்ரைவில் அழித்த கோப்பு 30 நாட்கள் குப்பைக் கூடையில் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் முற்றாக நீக்கிவிடவும் கூடும். கொமியூனிகேஷன் கடைக் கணினியில் கணக்கைத் திறந்தால் மூடிவிட்டே எழுந்திருங்கள். அடையாள அட்டைப் படத்தைக் கேட்டவருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். நம் பெயரில் வேறொருவர் கடன் எடுக்க அது வழியாகலாம்.

படம் மூலப் பத்திரம் ஆகாது என்று உத்தியோகத்தர் சொல்வார். அவர் சொல்வது சரியே. ஆனால் பிறப்புப் பதிவின் இலக்கமும் திகதியும் பிரிவும் படத்தில் இருப்பதால், பிரதேச செயலகத்தில் பழைய புத்தகங்களைத் தேடவைக்காமல் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்கலாம். சேமலாப நிதிக்கும் அங்கத்துவ இலக்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. படங்களை எடுத்த அன்றே அவற்றை வரிசையாகத் திறந்து பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறி இன்னொன்று, சேமலாப நிதியில் தோட்டத்துக் கிளாக்கர் எழுதிய மூன்றாவது என்று இருந்தால், கிராம உத்தியோகத்தரிடம் இந்த மாதமே போங்கள்.