இதயத்துக்குப் பின்னால் இருப்பது என்ன?

படபடப்புக்குத்தானே சிகிச்சை, அதற்கு நெஞ்சு ஸ்கேன் எதற்கு, தொண்டை வழியாகக் குழாய் எதற்கு? அப்லேஷன் சிகிச்சைக்காகச் சேரும் நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செலவும் நாளும் கூடுவதால் கேள்வி நியாயமானதே.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை. அதைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்பதை 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹாய்சகேர் குழுவினர் எடுத்துக்காட்டினர். அச்சிரைகள் இடது மேலறையில் சேரும் வாயில்களைச் சுற்றி, வெப்பத்தாலோ கடுங்குளிராலோ வடுவளையம் இட்டு மின்பொறிகளைத் தடுப்பதே அப்லேஷன்.

ஆனால் இடது மேலறையின் பின்சுவர் சில மில்லிமீட்டர் கனமே உடையது; அதை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது. மதுரையின் பழைய தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வீட்டில் ஆணி அடித்தால் அந்த வீட்டில் காரை உதிரும். வலப்பக்கச் சிரைகளுக்கு அருகே உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் செல்கிறது.

ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம். சிரைகளின் எண்ணிக்கையும் அமைப்பும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சாயமருந்து செலுத்த வேண்டியிருப்பதால் சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, உட்கொள்ளும் சர்க்கரை மாத்திரை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். தொண்டை வழி எக்கோ, மேலறையில் இரத்தக்கட்டி உள்ளதா என்று பார்ப்பதற்கு. கட்டி இருந்தால் சிகிச்சையைத் தள்ளிவைப்போம். அது மூளையைச் சென்றடைந்தால் பக்கவாதம் வரும்.

சி.டி. படம் மட்டும் போதாது. உணவுக்குழாய் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை, பக்கவாட்டில் நகரும். நேற்று எடுத்த படத்தை நம்பி இன்று சூடு வைக்க முடியாது. எனவே சிகிச்சையின்போதே உணவுக்குழாய்க்குள் வெப்பம் அளக்கும் கம்பியை வைக்கலாம்; இதயத்துக்குள்ளேயே எக்கோ கருவியைச் செலுத்தியும் பார்க்கலாம். வெப்பம் ஏறினால் உடனே நிறுத்துவோம். வலப்பக்கத்தில் குளிரூட்டும்போது அந்நரம்பை மின்சாரத்தால் தூண்டி, உதரவிதானம் அசைகிறதா என்று வயிற்றின் மேல் கைவைத்துக் கவனிப்போம். கருவி பலவானாலும் இதற்குக் கைதான் எளிய வழி.

இத்தனை கவனத்துக்குப் பிறகும், மிக அரிதாக, உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் இடையே துளை விழக்கூடும். உயிருக்கு ஆபத்தான இது சிகிச்சையன்று தெரியாது. பெரும்பாலும் வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்தே வெளிப்படும். காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, திடீரெனக் கைகால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியன அறிகுறிகள். அப்போது நீங்கள் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருப்பீர்கள். சாதாரணச் சுரம் என்று எண்ணி ஊசி போட்டுக்கொண்டு நாளைக் கடத்துவதே எங்களுக்குள்ள பெரிய அச்சம்.

அப்லேஷன் முடிந்து இரண்டு மாதங்களுக்குள் இவற்றில் எது வந்தாலும், பார்க்கும் மருத்துவரிடம் முதலில் அப்லேஷன் செய்ததையும் தேதியையும் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் செலுத்தும் காற்று துளை வழியே இதயத்துக்குள் புகுந்து மூளைக்குச் செல்லலாம். முதலில் எடுக்க வேண்டியது சாயமருந்துடன் கூடிய நெஞ்சு சி.டி. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இரவானாலும் நேரே எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.