விண்ணப்பத்தில் 'அனுபவம் இல்லை' என்று எழுதலாமா?

பரீட்சை முடிந்ததும் எமது பிள்ளைகள் கல்லூரிகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் விண்ணப்பிக்கின்றனர். படிவத்தில் 'அனுபவம்', 'ஏனைய திறமைகள்' என்ற இடங்களில் பலர் 'இல்லை' என்று எழுதிவிடுகின்றனர். வேறு சிலர், "இடம்பெயர்ந்து மிகவும் கஷ்டப்படுகிறோம், தயவுசெய்து இடம் தரவும்" என்று எழுதுகின்றனர். கஷ்டம் உண்மைதான். ஆனால் தெரிவு செய்பவர் அறிய விரும்புவது, இப்பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்பதையே.

சொந்தக் காணியை விட்டு வந்து, குத்தகைக் காணியில் வெங்காயம் செய்யும் குடும்பத்து மகள் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். "விவசாயத்தில் ஆர்வம் உண்டு" என்று அவள் எழுதினால் அது எவர் மனதிலும் பதியாது. இப்படி எழுதலாம்:

"கால் ஏக்கர் வெங்காயத் தோட்டத்துக்கு மூன்று போகம் நீர் இறைத்தேன். இயந்திரம் நின்றால் பிளக்கைக் கழற்றித் துப்புரவு செய்து இயக்குவேன். வரவு செலவுக் கணக்கை நானே எழுதினேன்."

என்ன செய்தேன், எவ்வளவு காலம், அதனால் என்ன பலன் என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். செய்ததைச் சொல்வது தற்பெருமை ஆகாது. செய்யாததை எழுத வேண்டாம். நேர்முகப் பரீட்சையில் அதைப்பற்றியே கேட்பார்கள். படிப்புத் தடைப்பட்டிருந்தால் ஒரே வரியில், "இடம்பெயர்வால் ஒரு வருடம் தடைப்பட்டது, மீண்டும் சேர்ந்து சித்தியடைந்தேன்" என்று எழுதுங்கள். விடாமுயற்சிக்கு அதுவே சாட்சி.

பாடசாலையை இடையில் விட்ட மூத்த பிள்ளைகளுக்கும் வழியுண்டு. இலங்கையின் தேசிய தொழில் தகைமை முறையில் 7 மட்டங்கள் உள்ளன. மேசன் வேலை, இயந்திரம் திருத்துதல் போன்றவற்றைச் செய்து பழகியவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, தேறினால் சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளின் படங்கள், வேலை தந்தவரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருப்பது உதவும்.

பரீட்சைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திலும், பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம்.

பெற்றோரே, பிள்ளை செய்யும் வேலைகளைத் தினமும் காண்பவர்கள் நீங்கள். வீட்டு வேலைதானே என்று பிள்ளை அதை எண்ணாமல் விட்டுவிடும். இன்றிரவு ஒரு தாளை எடுத்து வைத்து அமருங்கள். நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும்.