பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி: தட்டிப் பார்த்து வாங்க வேண்டும்!

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்து விட்டால் காடையும் காட்டு வாத்தும் சுடக் கிளம்பி விடுவார்கள். கடைகளில் புதுத் துப்பாக்கி எத்தனையோ ரகம் உண்டு. ஆனாலும் சிலருக்குத் தாத்தா காலத்து இரட்டைக் குழல்தான் வேண்டும்!

அவற்றில் பெயர் போனது "பார்க்கர்". கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரில் 1860-களில் செய்யத் தொடங்கினார்கள். 1934-ல் ரெமிங்டன் கம்பெனி அந்தத் தொழிலை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது உற்பத்தி நின்று போயிற்று. ஆகவே அசல் பார்க்கர் வேண்டுமானால் கை மாறி வந்ததைத்தான் வாங்க வேண்டும்.

"கணீர்" ஓசை

கட்டையின் பளபளப்பில் மயங்கக் கூடாது. குழலைத் தனியே கழற்றித் தொங்க விட்டு லேசாகத் தட்டுவார்கள். "கணீர்" என்று மணி போல ஒலித்தால் நல்லது. "டொக்" என்றால், இரு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்று விட்டிருக்கக் கூடும். குழலின் கனத்தையும் அளக்க வேண்டும். துருக் குழிகளை உள்ளே சுரண்டி மெருகேற்றியிருந்தால் கண்ணாடி போல மின்னும். ஆனால் குழல் மெலிந்திருக்கும்!

பழைய 16 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்தான். இன்றைய தோட்டா 70. மடித்த வாயோடு அது உள்ளே நுழைந்து விடும். அதுதான் ஆபத்து! வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும்.

"டமாஸ்கஸ்" குழல் இன்னும் மோசம். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது அது. மேலே அழகான வரிகள் ஓடும். உள்ளே துரு ஒளிந்திருக்கலாம். தேர்ந்த மிஸ்திரி பார்க்காமல் இக்காலத் தோட்டாவைப் போடக் கூடாது. குழல் பிளந்தால், முதலில் போவது அதைத் தாங்கும் கைதான்.

துருவுக்குத் துருவே வேலி

புதுத் துப்பாக்கிகளைக் கொதிக்கும் கார உப்பில் முக்கிக் கறுப்பாக்குவார்கள். பழைய இரட்டைக் குழலை அதில் போட்டால் போயிற்று! ஈயப்பற்றைக் காரம் அரித்து விடும். மருந்து தடவித் துருவை வரவழைத்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பதே சரியான வழி. செந்துரு கறுத்து விடும். மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து விட்டு, மறுபடி துரு, மறுபடி கொதிநீர். இப்படிப் பல தடவை. நாள் கணக்கில் ஆகும்.

கட்டையில் பள்ளமா? ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால் மரம் உப்பி எழும். பிறகு ஆளிவிதை எண்ணெயைக் கையால் சிறுகச் சிறுகத் தேய்ப்பார்கள். அவசரக்காரர்கள் உப்புத்தாளை எடுத்து விடுகிறார்கள். இரும்போடு சமமாக இருந்த மரம் தாழ்ந்து, துப்பாக்கியின் மதிப்பும் தாழ்கிறது.

ரவையிலும் சிக்கல் உண்டு. ஈய ரவையை விழுங்கிப் பறவைகள் சாவதால், 1991 முதல் அமெரிக்கா முழுவதும் வாத்து வேட்டைக்கு ஈயம் கூடாது. எஃகு ரவை பழைய குழலைக் கெடுக்கும். எனவே விலை கூடினாலும் பிஸ்மத் ரவை வாங்குகிறார்கள். காடைக்குப் பல மாநிலங்களில் ஈயம் போடலாம். கலிபோர்னியாவில் 2019 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது.