வாங்க ஏழு லட்சம், இன்ஜினை இறக்க எவ்வளவு?

2012, 2013 மாடல் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 டீசல் வண்டி இன்று பழைய கார் சந்தையில் ஏழெட்டு லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே பணத்துக்குப் புதிதாக வாங்கினால் மாருதியின் சின்னக் கார்தான் வரும். செய்யார், ஆரணி வட்டாரத்தில் பட்டு வியாபாரம், அரிசி ஆலை, மனை வணிகம் என்று கையில் காசு புரள்பவர்கள் பலருக்கும் இந்தக் கணக்கு ஒரு நாளாவது சபலத்தைத் தந்திருக்கும். கல்யாண மண்டப வாசலில் போய் இறங்கினால் அது எந்த வருஷத்து மாடல் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு டெல்லியும் ஒரு காரணம். பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அந்தப் பிடி சற்றுத் தளர்ந்தாலும், அதற்குள் ஆடி, பென்ஸ், ரேஞ்ச் ரோவர் என்று பல வண்டிகள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்குப் போய்விட்டன. டெல்லி வண்டியைத் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய இங்கே மறுபடியும் ஆயுட்கால வரி கட்ட வேண்டும். புதிய காராக இருந்து விலையும் 20 லட்சத்தைத் தாண்டினால் வரி 20 சதவீதம். வயதான வண்டிக்கு விகிதம் குறையும், ஆனாலும் சில்லறைத் தொகையாக இருக்காது. விலை பேசும்போது தரகர்கள் இந்த வரியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வரியாவது ஒரு தடவையோடு முடிந்துவிடும். பழைய வண்டியின் விலை வருஷத்துக்கு வருஷம் சரியும், அதன் உதிரிப் பாகத்தின் விலை சரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது மட்டுமே கொஞ்சம் ஆறுதல். அறுபது லட்சம் ரூபாய் வண்டிக்கென்று செய்த டர்போ, அந்த வண்டி எட்டு லட்சத்துக்கு வந்த பிறகும் அறுபது லட்சம் ரூபாய் வண்டியின் டர்போதான்.

எக்ஸ்1 வண்டியையே எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டுப் பக்கம் 2007இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் பூட்டப்பட்டது என்பதால், செய்யாருக்கு ஒருவகையில் பக்கத்து ஊர்ச் சரக்கு. இதன் தொடக்ககால டீசல் மாடல்களில் இருப்பது 'என்47' என்ற இரண்டு லிட்டர் இன்ஜின். இழுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் டைமிங் செயினை முன்பக்கம் வைக்காமல் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் வைத்துவிட்டார்கள். 2007 முதல் 2011 வரை தயாரான இன்ஜின்களில் இந்தச் செயின் தேய்ந்து தளர்வதும், சில சமயம் அறுந்தே போவதும் உலகம் முழுக்கப் பேசப்பட்ட குறை. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் பாழாகும். முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்றாலும், பல ஆயிரம் ரூபாய் செயினுக்காக இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்கியாக வேண்டும். சென்னையில் இந்த வேலைக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை தயாராக வைத்துக்கொள்வது நல்லது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்பக்கமிருந்து சரசரவென்று உரசல் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே வண்டியைச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படலாம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பென்ஸ் வண்டிக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. எம்.எல்., ஜி.எல். வரிசையில் வந்த 'ஓ.எம்.642' என்ற மூன்று லிட்டர் வி6 டீசல் இன்ஜின் பொதுவாக உழைக்கும் ரகம். ஆனால் அதன் ஆயில் கூலர், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுப் பள்ளத்தில் புதைந்து கிடக்கிறது. அதிலுள்ள ரப்பர் சீல்கள் வெப்பத்தில் காய்ந்து எண்ணெய் கசியும். சீலின் விலை அற்பம்தான். அதை எட்டிப் பிடிக்க டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு என்று மேலே உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும். நாள் கணக்கில் ஆகும் வேலை, கூலியே லட்சத்தைத் தொடும்.

லேண்ட் ரோவர் இன்னும் ஒரு படி மேல். டிஸ்கவரி 3, 4 மாடல்களில் டர்போவை மாற்ற, வண்டியின் பாடியையே சேசிஸிலிருந்து தூக்கிவிட்டு வேலை செய்வது சகஜம். அந்த வி6 டீசல் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் உடைவதும் அறிந்த பிரச்சினை. அப்படி உடைந்தால் பழுது பார்ப்பதா, வேறு இன்ஜின் தேடுவதா என்ற கேள்விதான் மிஞ்சும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை இரவெல்லாம் நிறுத்தி வைத்து, காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட ஆற்காட்டு வெயிலில் காற்றுப் பையின் ரப்பர் விரிசல் விடும். கசியும் காற்றை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் அறுபதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை கேட்பார்கள். நான்கு சக்கரம் என்பதை மறக்கக் கூடாது.

சிறிய ஊரில் ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு விற்ற டீசல் எஸ்.யூ.வி.க்களிலும், அதற்கு முந்தைய சில சொகுசு வண்டிகளிலும் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நிற்காமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். வீட்டிலிருந்து பஜார், பஜாரிலிருந்து பள்ளிக்கூடம் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் அது நடக்காது. கரி அடைத்து வண்டி இழுக்காமல் போகும். எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து அதன் அளவு ஏறும். வடிகட்டியை மாற்ற இரண்டு லட்சத்துக்கு மேலும் ஆகலாம். வாரம் ஒருமுறை காஞ்சிபுரம் வரை ஓட்டிவிட்டு வந்தாலே இந்தச் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

செய்யார் சிப்காட் வட்டாரத்தில் சுமார் 450 ஏக்கரில் மஹிந்திராவின் எஸ்.யூ.வி. சோதனைத் தடம் 2021 முதல் இயங்குகிறது. அப்படியிருந்தும் ஜெர்மன் வண்டி நின்றுபோனால் நூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குத்தான் ரெக்கவரி வண்டியில் ஏற்ற வேண்டும். புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைத்தாலும், எலக்ட்ரானிக் பாகமாக இருந்தால் கம்ப்யூட்டர் வைத்து அந்த வண்டியோடு பொருத்தித் தர ஆள் வேண்டும். வாங்குவதற்கு முன்பே சில ஆயிரம் செலவழித்து, அந்தந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் பார்த்துவிடுவது உத்தமம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல.

பெரிய வண்டி வேண்டும், செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவர்கள் ஃபோர்டு எண்டேவர் பக்கம் திரும்புகிறார்கள். மறைமலைநகரில் தயாரான வண்டி. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த பிறகும் சர்வீஸ் கிடைக்கிறது. வெளி மெக்கானிக்குகளுக்கும் பழக்கப்பட்ட இன்ஜின். ஆனால் ஐந்து சிலிண்டர் 3.2 லிட்டர் மாடல் வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். பழைய ஆயில் சொட்டு மிச்சமில்லாமல் வடியட்டும் என்று ராத்திரி முழுக்கத் திறந்துவிடுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் அக்கறை. இந்த இன்ஜினில் அப்படிச் செய்தால் ஆயில் பம்புக்குள் காற்றுப் புகுந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது அது ஆயிலை இழுக்காமல் போகலாம். ஆயில் ஏறாமல் ஓடினால் பேரிங் தேய்ந்து இன்ஜினே போய்விடும். வடிகுழாயைத் திறந்த பத்து நிமிடத்துக்குள் புது ஆயிலை ஊற்றியாக வேண்டும். அதனால் ஃபில்டரும் புது ஆயில் கேனும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து சேர்ந்த பிறகே நட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும்.