ஊரார் தீட்டும் திட்டம்

ஐந்தாண்டுத் திட்டம் என்ற மாத்திரத்தில் அணைக்கட்டுகளும் உருக்காலைகளும், டெல்லியில் கூடிக் கணக்குப் போடும் நிபுணர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. எந்த அங்கன்வாடியின் கூரை ஒழுகுகிறது, எந்த ஓடை கோடையில் வற்றுகிறது, எந்த மேட்டு வீடுகளுக்குக் குடிநீர் ஏறவில்லை என்னும் சில்லறைச் சமாசாரங்களும் திட்டம் என்ற கௌரவமான பெயருக்கு உரியவையே என்று நாம் எளிதில் ஒப்புவதில்லை. அப்படி ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், அவற்றைத் தீர்மானிக்கும் உரிமையையும் அதற்கு வேண்டிய பணத்தையும் ஒருங்கே ஊராட்சிகளிடம் ஒப்படைத்துப் பார்த்த ராஜ்யம் கேரளம். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி, மலையாள ஆண்டுப் பிறப்பான சிங்ஙம் முதல் நாளன்று, இ. கே. நாயனார் முதலமைச்சராக இருந்த சர்க்கார் ஆரம்பித்துவைத்த அந்த முயற்சிக்கு ஜனகீயாசூத்ரணம், அதாவது மக்கள் திட்டம் என்று பெயர். மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்த பொருளாதார அறிஞர் ஐ. எஸ். குலாட்டியும், குழு உறுப்பினர் தாமஸ் ஐசக்கும் அதன் வேலைகளை முன்னின்று நடத்தினார்கள். மேல்மட்ட ஆலோசனைக் குழுவுக்கு முதுபெரும் தலைவர் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமை வகித்தார்.

ஊராட்சிகளுக்கு அதிகாரம் வேண்டும் என்பதை மேடையில் மறுத்துப் பேசுகிறவர்கள் நம் தேசத்தில் அதிகம் பேர் இல்லை. அரசியல் சாசனத்தின் 40-ஆவது ஷரத்து அதை ஆரம்பத்திலேயே ஒரு லட்சியமாக எழுதிவைத்தது. 1993-இல் அமலுக்கு வந்த 73, 74-ஆம் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்துவதையும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்குவதையும் கட்டாயமாக்கின. ஆயினும் பணம் கைமாற வேண்டிய தருணம் வரும்போதெல்லாம், முதலில் ஊரார் நிர்வாகம் பழகட்டும், கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளட்டும், அதன் பிறகு பார்க்கலாம் என்னும் வாதம் ஒன்று தவறாமல் முன்வந்து நிற்கும். நீந்தத் தெரிந்தவன்தான் குளத்தில் இறங்க வேண்டும் என்பதை ஒத்த இந்த வாதத்தைக் கேரளம் தலைகீழாக்கியது. ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் ராஜ்யத்தின் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சி ஸ்தாபனங்களுக்கே உரியது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதைச் செலவிடும் வகையைப் பின்னர் யோசித்துக் கொள்ளும்படி ஊராரிடம் விட்டது.

பட்ஜெட்டுடன் சேர்த்து வெளியிடப்படும் நான்காம் அனுபந்தத்தில் எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்று பெயர் குறித்து அச்சிட்டார்கள். குமாஸ்தா வேலையாகத் தோன்றும் இந்தக் காரியத்தில்தான் முழு முயற்சியின் உயிர்நிலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எவ்வளவு கிடைக்கும் என்று அறியாதவன் எல்லாவற்றையும் கேட்டு மனு எழுதுகிறான், கிடைக்காதபோது சர்க்காரை வைகிறான்; இருப்பது இவ்வளவுதான் என்று அறிந்தவனோ, கிணறு முதலிலா, நடைபாலம் முதலிலா என்று அண்டை வீட்டாரோடு தர்க்கம் செய்து, இரண்டில் ஒன்றை இந்த ஆண்டு விட்டுக்கொடுக்க வேண்டியவனாகிறான். இந்த விட்டுக்கொடுத்தலைத்தான் நிபுணர்கள் திட்டமிடுதல் என்று சொல்லுகிறார்கள்.

மலையாள நாட்டுக் கிராமம் நம் பக்கத்துக் கிராமங்களைப் போலத் தெருத் தெருவாக நெருங்கி அமைந்ததன்று. தோப்புக்கு ஒரு வீடாக மைல் கணக்கில் பரந்து கிடப்பது. ஒரு பஞ்சாயத்திலேயே இருபத்தையாயிரம், முப்பதாயிரம் பேர் வசிப்பதால், அத்தனை பேரையும் ஓரிடத்தில் கூட்டுவது சாத்தியமில்லை என்று கண்டு, 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வார்டுக்கு ஒரு கிராம சபை என்று வகுத்தது. வார்டு உறுப்பினர் சபையைக் கூட்டுகிறார். பஞ்சாயத்துத் தலைவர் தலைமை வகிக்கிறார். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மக்கள் திட்டத்தின் ஆரம்ப வருஷங்களில் விடுமுறை நாட்களில் பள்ளிக்கூடங்களில் கூடிய இந்தச் சபைகள், வரவேற்புரை முடிந்ததும் விவசாயம், குடிநீர், கல்வி, சுகாதாரம் என்று சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து வகுப்பறைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பெரிய கூட்டத்தில் ஒலிபெருக்கியின் முன் வாய் திறக்கத் தயங்கும் பெண்களும் கூலித் தொழிலாளரும் பத்திருபது பேர் நடுவில் தாராளமாகப் பேசுவார்கள் என்ற நுட்பத்தை அறிந்தே இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். பிரசங்கிகளுக்கு இதில் சற்று மனக்கசப்பு இருந்திருக்கலாம்.

சபையில் சொன்னவை அப்படியே திட்டமாகிவிடுவதில்லை. ஊரின் நிலம், நீர், தொழில், பள்ளி, நோய் ஆகியவற்றை ஆராய்ந்து ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஓர் அபிவிருத்தி அறிக்கை எழுதியது. அதன்மேல் கருத்தரங்கு நடந்தது. பிறகு துறைவாரிக் குழுக்கள் ஒவ்வொரு யோசனைக்கும் செலவு மதிப்பிட்டன. இதற்கு முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் விஞ்ஞான இயக்கம், கண்ணூர் ஜில்லாவிலுள்ள கல்யாசேரி பஞ்சாயத்தில் ஊராரையே கொண்டு வளங்களை வரைபடமாக்கிப் பார்த்திருந்தது. மதிப்பீடுகளைச் சரிபார்க்க, ஓய்வு பெற்ற பொறியாளர்களும் உத்தியோகஸ்தர்களும் தொண்டர்களாக முன்வந்தார்கள். கடைசியாக ஜில்லாத் திட்டக் குழுவின் அங்கீகாரம்; அந்தக் குழுவுக்கு ஜில்லாப் பஞ்சாயத்துத் தலைவரே தலைவர், கலெக்டர் அவருக்குக் காரியதரிசி. பிரிட்டிஷார் காலத்துக் கலெக்டர் எவரும் கனவிலும் எண்ணியிராத ஸ்தானம் அது.

கட்டுப்பாடுகளும் உண்டு. ஊராரைச் சும்மா விட்டால் முழுப் பணத்தையும் சாலைக்கே போட்டுவிடுவார்கள் என்பது எல்லாத் தேசங்களிலும் கண்ட அனுபவமாகையால், உற்பத்தித் துறைகளுக்கு ஒரு குறைந்தபட்சப் பங்கை ஒதுக்க வேண்டும் என்றும், திட்டத் தொகையில் 10 சதவீதம் பெண்களுக்கான வேலைகளுக்குச் செல்ல வேண்டும் என்றும் விதித்தார்கள். சுதந்திரம் கொடுத்த கையே நிபந்தனையும் போடுகிறதே என்று கேட்கலாம். ஆனால் பேசத் தெரிந்தவர் கேட்டது மட்டும் நடந்தேறும் சபையில், பேசாதவர் பங்கைச் சட்டம்தான் பேச வேண்டியிருக்கிறது.

பணத்தோடு ஸ்தாபனங்களும் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தன. ஆரம்ப சுகாதார நிலையம், வேளாண்மை அலுவலகமான கிருஷி பவன், கால்நடை மருத்துவமனை, அங்கன்வாடி எல்லாம் அதில் அடக்கம். தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் சிகிச்சைக்காக 2008-இல் ராஜ்யம் ஒரு கொள்கையை வகுத்த பிறகு, படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிச் செல்லும் நர்ஸைப் பஞ்சாயத்தே அமர்த்தும் வழக்கம் பரவியது. புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், மூத்திரக் குழாயைச் சீர் செய்வதும், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதும் பஞ்சாயத்துக் காரியங்கள் என்று எந்தப் பழைய சட்டப் புத்தகத்திலும் காணமுடியாது. 1998-இல் தோன்றிய குடும்பஸ்ரீ, பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்த அயல்கூட்டங்களை வார்டிலும் பஞ்சாயத்திலும் இணைத்து, இந்த வேலைகளுக்கெல்லாம் ஆள்பலமாக நின்றது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் உற்சாகம் அடங்கியதும், கிராம சபைக்கு வருபவர்கள் வீடோ ஆடோ மானியமோ எதிர்பார்ப்பவர்கள் மட்டுமே என்ற நிலை பல இடங்களில் ஏற்பட்டது. ஓரளவு வசதியுள்ள குடும்பத்தார், தமக்கு அங்கே என்ன இருக்கிறது என்று ஒதுங்கிக் கொண்டார்கள். வருஷம் முழுதும் தூங்கிய வேலைகள் மார்ச் மாதத்தில் திடீரென்று விழித்துக்கொள்வதும், முடியாதவை அடுத்த வருஷத்துக்கு உருண்டு போவதும் அங்கும் உண்டு. எனினும் 2001-இல் ஆட்சி மாறியபோது ஏ. கே. அந்தோணியின் சர்க்கார் பெயரைத்தான் மாற்றியதே தவிர, நிதிப் பகிர்வை ஒழித்துவிடவில்லை. பழகிவிட்ட உரிமையைத் திரும்பப் பிடுங்க யாருக்கும் தைரியம் வரவில்லை போலும்.

தமிழர் அறிய வேண்டிய ஓர் உதாரணம் இடுக்கி ஜில்லாவில் இருக்கிறது. மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக் கொள்ளும் முதுவர் என்ற பழங்குடியினர், தமிழுக்கு நெருங்கிய பேச்சுடையவர்கள், மூணாறுக்கு அப்பால் அடர்ந்த காட்டில் சிதறிய குடிகளாக வாழ்கிறார்கள். இவர்களுடைய இடமலைக்குடி நெடுங்காலம் மூணாறு பஞ்சாயத்தின் வார்டுகளில் ஒன்றாகவே இருந்தது. தேயிலைத் தோட்டங்களும் கடைவீதியும் நிறைந்த ஒரு பஞ்சாயத்தில், நடந்தே சென்றடைய வேண்டிய காட்டு வார்டின் குரல் எத்தனை தூரம் எட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2010-இல் அதைத் தனியாகப் பிரித்து, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக்கினார்கள். தலைவர் முதுவர், உறுப்பினர்கள் முதுவர், நிதி ஒதுக்கீடும் தனி. ஆனால் பாதை இல்லாத காரணத்தால் பஞ்சாயத்து அலுவலகம் மட்டும் அதன் எல்லைக்கு வெளியே, தேவிகுளத்தில் நெடுங்காலம் நடந்து வந்தது. ஒரு சான்றிதழ் வேண்டியவர் காட்டைக் கடந்து மலைப்பாதையில் தம் சொந்தப் பஞ்சாயத்தைத் தேடி வெளியூர் போக வேண்டியிருந்தது.