ஒருவருக்கு இரண்டு பாஸ்போர்ட்: யாருக்குச் செல்லும்? யாருக்கு வம்பு?

மும்பை மாதுங்காவில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தென்காசிப் பக்கத்துக்காரர். குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் அமெரிக்காவில் என்ஜினீயர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிட்டாய்ப் பெட்டியுடன் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, மகனுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைச்சிட்டுது. தீபாவளிக்கு வாரான். நம்ம நாட்டு பாஸ்போர்ட்டுல இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு. விசாச் செலவு எதுக்கு, அதுலயே வந்துட்டுப் போயிருதேங்கான்" என்றார்.

மிட்டாயை வாங்கிக் கொண்டேன். "அண்ணாச்சி, இதில் சிக்கல் இருக்கு. இன்னைக்கே போன் போட்டுத் தடுத்துருங்க" என்றேன். பெரியவர் முகம் வாடிவிட்டது.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய நம்மவர் பலருக்கு இந்த விஷயம் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது

1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, ஓர் இந்தியர் தாமே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால், அப்போதே அவருடைய இந்தியக் குடியுரிமை போய்விடும். தனியாக யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. வேலையை விட்டு நின்றவர் கையில் பழைய ரயில்வே பாஸ் இருந்தால் அது செல்லுமா? அதுபோலத்தான் இதுவும். தேதி பாக்கி இருந்தாலும் அந்த பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துவிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

மாட்டிக் கொள்ளும் இடம்

வரும்போது ஒருவேளை தப்பிவிடலாம். திரும்பும்போதுதான் வினை. இந்திய பாஸ்போர்ட்டை நீட்டினால், "அமெரிக்க விசா எங்கே?" என்பார்கள். கிரீன் கார்டோ, குடியுரிமை கொடுக்கும்போதே திரும்ப வாங்கப்பட்டிருக்கும். சரி என்று அமெரிக்க பாஸ்போர்ட்டை எடுத்தால், "இதில் இந்திய விசா எங்கே? எப்படி உள்ளே வந்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு புத்தகம் இருந்தும் ஒன்றும் உதவாது!

இரண்டும் செல்லுபவர்கள்

எங்கள் கட்டிடத்துக்குக் கல்யாணத்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் டொராண்டோவில் இருக்கிறார். அவரிடமும் இரண்டு பாஸ்போர்ட் உண்டு. ஆனால் அவருக்கு இரண்டுமே செல்லும். கனடா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இலங்கையும், விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களுக்கு 1987 முதல் அனுமதிக்கிறது.

அவர் பயணம் செய்யும் முறை இது: கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போது இலங்கை பாஸ்போர்ட். திரும்பும்போது விமானக் கம்பெனி கவுண்டரில் கனடா பாஸ்போர்ட். அடுத்துள்ள இலங்கை அதிகாரியிடம் இலங்கை பாஸ்போர்ட். டொராண்டோவில் மீண்டும் கனடா பாஸ்போர்ட். எந்த நாட்டு வாசலோ, அந்த நாட்டுப் புத்தகம். டிக்கெட்டிலும் இரண்டு பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். இந்தியாவுக்கு அவர் விசா வாங்கித்தான் வந்திருந்தார்.

அவருக்கும் சங்கடங்கள் உண்டு. இலங்கையில் ஏதாவது தொல்லை என்றால், "இவர் எங்கள் பிரஜை" என்று இலங்கை சொல்லிவிடலாம். கனடா தூதரகம் ஓரளவுக்கு மேல் தலையிட முடியாது. 1930-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் எழுதிய விதி இது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கை நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் முடியாது. 2022-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஓ.சி.ஐ. கார்டு

"நம்ம அரசாங்கம் ஒரு கார்டு கொடுக்குதாமே?" என்று கேட்டார் பெரியவர். 2005-ல் வந்த ஓ.சி.ஐ. கார்டைத்தான் சொல்கிறார். பெயரில் குடியுரிமை இருக்கிறதே தவிர, அது குடியுரிமை அல்ல. ஆயுள் முழுவதற்கும் விசா. எத்தனை முறையும் வரலாம், எத்தனை நாளும் தங்கலாம். ஆனால் ஓட்டு இல்லை. தேர்தலில் நிற்க முடியாது. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. "ஊர்ல வாய்க்காலை ஒட்டி ஒரு வயல் விலைக்கு வந்திருக்கு தம்பி. அவன் பேர்ல வாங்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"உங்க பேர்ல வாங்குங்க அண்ணாச்சி. வாரிசாக அவருக்கு வருவதற்குத் தடை இல்லை" என்றேன்.

"அந்த பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிடுவாங்களா? அவன் முதமுதல்ல போன முத்திரை அதுலதானே இருக்கு" என்று அடுத்துக் கேட்டார். ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று சொன்னதும்தான் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

அன்று இரவே மகனுக்குப் போன் போனது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, கார்டுக்கு எழுதிப் போட்டு, அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுப்பது என்று முடிவாயிற்று. தீபாவளிப் பயணம் பொங்கலுக்குத் தள்ளிப் போயிற்று. போனால் என்ன? வருகிற பிள்ளை வம்பில்லாமல் திரும்பிப் போக வேண்டுமே!