மூச்சு விட்டாரா, இல்லையா?

பங்குனிப் பொங்கல் சாட்டி மூன்றாம் நாள். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே போட்ட மேடையில் நிற்கிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். பகலில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். இரவில் அவர்தான் அந்த வட்டாரத்து எஸ்.பி.பி.

‘கேளடி கண்மணி’யில் கதாநாயகன் மூச்சு விடாமல் பாடுவாரே, அந்தப் பாட்டு. சரணம் தொடங்கியதும் ஜமுக்காளத்தில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். சுண்டல் விற்றவர் சில்லறை கொடுக்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். அந்த நேரத்தில் பாட்டை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோர் பார்வையும் பாடகரின் கழுத்து நரம்பில் இருந்தது. என் பக்கத்தில் இருந்த பையன், ஏழாவது படிப்பானோ என்னவோ, உதட்டை இறுக்கிக்கொண்டு தானும் மூச்சைப் பிடித்திருந்தான். பாதியிலேயே அவனுக்கு முகம் சிவந்து ‘புஸ்’ஸென்று விட்டுவிட்டான். மேடையில் நின்றவர் கரையேறிவிட்டார். விசில் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இந்தப் பாட்டு வந்தது 1990-இல். அன்று முதல் தென்மாவட்டங்களில் இதைத் தொட்டுப் பார்க்காத மேடைப் பாடகர் அபூர்வம். கேசட்டிலோ செல்போனிலோ கேட்கிறவருக்கு, பாடியவர் எங்கே மூச்சு வாங்கினார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒலிப்பதிவில் வெட்டலாம், ஒட்டலாம். மேடையில் அது நடக்காது. மெல்லிசைக் கச்சேரிக்குப் போவதன் ருசி எனக்கு இதில்தான் இருக்கிறது. புதுப் பாட்டு கேட்க யாரும் அங்கே போவதில்லை. மனப்பாடமான பாட்டை, எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி ஒப்பேற்றுகிறார்கள் என்று பார்க்கப் போகிறோம்.

‘வெறும் காப்பிதானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கீபோர்டுக்காரரின் கைகளைப் பார்த்ததில்லை. சினிமா ஒலிப்பதிவில் வரிசையாக உட்கார்ந்து வாசித்த வயலின்கள் முழுவதும் இவருடைய வலது கையில் இருக்கின்றன. இடது கையில் பேஸ் கிட்டார். நடுவே புல்லாங்குழல் பிட் வந்தால் ஒரு விரலால் பட்டனைத் தட்டி, அதே மூச்சில் குழலுக்குத் தாவ வேண்டும். அரை நொடி பிந்தினால் குழல் வரவேண்டிய இடத்தில் வயலின் கேட்கும். கூட்டம் சிரித்துவிடும். இவர்களில் பலருக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, காதாலேயே பிடித்தவர்கள். எந்த எழுத்தில் பாடகர் சறுக்கினார் என்பதும், எந்த இடத்தில் தாளம் விழவில்லை என்பதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாழைத்தோட்டத்துக் கூலிக்காரருக்கும் தெரியும். இவ்வளவு கறாரான ரசிகர்களை நான் சபாக்களில்கூடப் பார்த்ததில்லை.

இந்த மண்ணுக்கு மேடை இசை புதிதும் அல்ல. இளையராஜாவின் பண்ணைப்புரம் இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு 14 வயது. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியப் பெட்டியோடு ஊர் ஊராகச் சுற்றிய குழு அது. சென்னைக்கு வந்த பிறகும், எஸ்.பி.பி. நடத்திய மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் ஆர்மோனியமும் வாசித்தார். அந்த மூச்சு விடாத பாட்டை எழுதியவர் பாவலர், இசையமைத்தவர் தம்பி, பாடியவர் பழைய குழுத் தலைவர். மூவரும் மேடையில் வியர்த்தவர்கள். எதற்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

மேடையில் தாளம் போடும் விதம் பிறகு மாறியது. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1985-இல் ஆக்டபேடைக் கொண்டுவந்தது. எட்டுச் சதுரம் கொண்ட ஒரு பெட்டி. குச்சியால் தட்டினால் தபலா, டோலக், காங்கோ, டிரம்ஸ் எல்லாம் வரும். மெல்லிசைக் குழுக்களுக்குள் அது நுழைந்ததும் நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருவர் போதும் என்றாகிவிட்டது. வேனில் இடம் மிச்சம், சம்பளமும் மிச்சம். குழுத் தலைவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டீசல் விலை அவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் மேடையில் தபலாவைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

எனக்குப் பிடிக்காதது பென் டிரைவ். பாட்டின் பின்னணி இசை முழுவதும் டிராக்காக ஏற்கெனவே அதில் இருக்கிறது. ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மேலே பாடகர் மட்டும் பாடுகிறார். கீபோர்டுக்காரர் பேருக்குக் கையை அசைக்கிறார். பிசிறே கிடையாது. வயலின்கள் அத்தனையும் கேட்கின்றன. ஆனால் சறுக்க வாய்ப்பில்லாத இடத்தில் கைதட்ட என்ன இருக்கிறது? ‘கல்யாண வீட்டில் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள்’ என்று ஒரு குழுத் தலைவர் என்னிடம் வருத்தப்பட்டார். கோயில் கொடையில் மட்டும் இன்னும் வாசிக்க விடுகிறார்களாம். 2020-இல் பங்குனியிலேயே ஊரடங்கு வந்து விழாக்கள் நின்றபோது, கைக்காசுக்காகக் கீபோர்டை விற்றவர்கள் உண்டு. டிராக் வைத்துப் பாடித்தான் சிலர் மீண்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மேடைக்கு முன்னால் உட்காராதீர்கள். அது ஆடுகிற இளவட்டங்களின் இடம். பேஸ் பெட்டி வேறு நெஞ்சில் இடிக்கும். மிக்ஸர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் பாயை விரியுங்கள். சவுண்டு செட்காரர் தன் காதுக்குச் சரியாகும்படிதான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைப்பார். விருப்பப் பாட்டுக்குச் சீட்டு எழுதுவதானால் ஒன்பது மணிக்குள் கொடுத்துவிடுங்கள்.

ஏனென்றால் விடியவிடியக் கச்சேரி என்பது பழங்கதை. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கிற வீடுகளை நினைத்தால் விதி நியாயமானதுதான். ஆனால் முன்பெல்லாம் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று நிதானமாக இறங்கி, எண்பதுகளுக்கு வர நடுநிசி ஆகும். குத்துப்பாட்டு அதற்கும் பிறகு. இப்போது எல்லாவற்றையும் மூன்று மணி நேரத்தில் அடைக்கிறார்கள்.

அன்றும் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு ஏட்டு வந்து மேடையோரமாக நின்றார். மங்களம் பாடி முடித்தார்கள். வயர்களைச் சுருட்டும்போது பாடகர் வேனுக்குப் பின்னால் நின்று பொட்டலத்தைப் பிரித்தார். எலுமிச்சைச் சாதம். எங்கிருந்தோ அந்த ஏழாம் வகுப்புப் பையன் வந்துவிட்டான்.

“அண்ணே, ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல மூச்சு விட்டீங்கள்ல?”

அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

“மூணு எடத்துல விட்டேன்டா தம்பி. நீ ஒண்ணத்தான் புடிச்சிருக்க.”